வெயில் விழும் கரை: வாலே தாவோஸ்தாவின் மலையும் ஒயினும்

இத்தாலியின் வடமேற்கு மூலையில், பிரான்சும் சுவிட்சர்லாந்தும் வந்து முட்டும் இடத்தில் இருக்கிறது வாலே தாவோஸ்தா. பரப்பு சுமார் 3,260 சதுர கிலோமீட்டர். இத்தாலியின் 20 மண்டலங்களில் இதுவே சிறியது. மக்கள்தொகை ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மேற்கே 4,800 மீட்டரைத் தாண்டும் மோன் பிளாங், வடக்கே 4,478 மீட்டர் மேட்டர்ஹார்ன், வடகிழக்கே 4,634 மீட்டர் மோன்தே ரோசா, தெற்கே 4,061 மீட்டர் கிரான் பரதீசோ. நாலு பக்கமும் நாலாயிரம் மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும் இந்த அடைப்புக்குள் திராட்சை வளர்ப்பவருக்கு என்ன கவலை இருக்கும்? குளிர் என்றுதான் யாருக்கும் தோன்றும். குளிரும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் நிற்பவை வேறு இரண்டு: தண்ணீர் போதாது, சமநிலம் கிடையாது.

மேகம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இந்தச் சிகரங்களில் மோதி, ஈரத்தைக் கொட்டிவிட்டுத்தான் உள்ளே இறங்குகிறது. ஆகவே பள்ளத்தாக்கின் நடுப்பகுதி ஒரு மழை மறைவுப் பிரதேசம். தலைநகர் அவோஸ்தாவில் ஆண்டு மழை 500 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவே. தலைக்கு மேலே பனியாறுகள், காலுக்குக் கீழே வறண்ட மணல். இதோடு ஃப்யோன் என்ற மலைக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஈரத்தை இழந்த காற்று சரிவில் இறங்கும்போது 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பாகை செல்சியஸ் வீதம் சூடாகும். குளிர்காலத்தின் நடுவே திடீரென்று இதமான, உலர்ந்த நாட்கள் வருவது இதனால்தான். அந்த வெதுவெதுப்பை நம்பி மொட்டு முந்திக்கொண்டால், பின்னால் வரும் உறைபனி அதைக் கருக்கிவிடும்.

இந்த ஊர் ஒயினைப் புரிந்துகொள்ளத் திராட்சை ரகங்களின் பட்டியலிலிருந்து தொடங்குவது வழக்கம். அது குழப்பத்தில்தான் கொண்டுபோய் விடும். தோட்டம் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதற்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்ற மூன்றும் தெரிந்தால், குப்பிக்குள் என்ன இருக்கும் என்பதைப் பாதிக்கு மேல் ஊகித்துவிடலாம்.

முதலில் கரை. மோன் பிளாங் அடிவாரத்திலிருந்து வரும் தோரா பால்தேயா ஆறு, அவோஸ்தாவை அடைந்ததும் கிழக்கே திரும்புகிறது. ஷத்தியோன், சான்-வின்சான் ஊர்களைத் தாண்டித் தென்கிழக்காக வளைந்து, போன்-சான்-மார்த்தான் அருகே பியெமோந்தே சமவெளியை நோக்கி வெளியேறுகிறது. கிழக்கு-மேற்காக ஓடும் நடுப்பகுதியில் வடகரைச் சரிவு தெற்கு நோக்கி வெயிலுக்கு முகம் காட்டும். தென்கரைச் சரிவு அதற்கு முதுகு காட்டும். முதலாவதை ஊர்மக்கள் ‘அத்ரே’ என்பார்கள், இரண்டாவதை ‘ஆன்வேர்’ என்பார்கள். அத்ரேயில் கொடியும் ஊரும். ஆன்வேரில் காடும் மேய்ச்சலும். ஆன்வேரின் சில கிராமங்களுக்கு நடுக்குளிர்காலத்தில் வாரக்கணக்கில் நேர் வெயிலே கிடைக்காது. இந்தப் பிரிவினைக்கு விலக்குகளும் உண்டு. ஐமாவில் ஊரின் தோட்டங்கள் தென்கரையில்தான் இருக்கின்றன. அங்கே பனியாறு விட்டுப்போன மேடு மலையின் நிழலை விட்டு விலகி, வெயிலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது.

சரிவு தெற்கு நோக்கியிருப்பதால் கிடைக்கும் லாபத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இந்த இடம் ஏறக்குறைய 45.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அறுவடை நெருங்கும் செப்டம்பர் 22 வாக்கில் நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 44 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். சமதரை அந்த வெயிலில் சுமார் 70 விழுக்காட்டைத்தான் வாங்கும். அதே இடத்தில் தெற்கு நோக்கி 30 பாகை சாய்ந்த நிலம் 96 விழுக்காட்டை வாங்கிவிடும். பழம் முற்றும் கடைசி மூன்று வாரங்களில் இந்த வித்தியாசம்தான் சர்க்கரையாக மாறுகிறது. போதாததற்குக் கல்சுவர்கள் பகலில் குடித்த சூட்டை இரவில் மெல்ல விடுகின்றன. குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும் என்பதால், உறைபனி இரவுகளில் ஆற்றோரத்து நிலம்தான் முதலில் அடிபடும். சரிவின் இடுப்பில் இருக்கும் கொடி பல சமயம் தப்பிவிடும்.

உயரக் கணக்கு இன்னும் எளிது. 100 மீட்டர் ஏறினால் சராசரி வெப்பம் 0.6 முதல் 0.65 பாகை குறையும். கீழ்முனையில் தொன்னாஸ் சுமார் 320 மீட்டரிலும், மேல்முனையில் மோர்ஜே 920 மீட்டரிலும் இருக்கின்றன. மோர்ஜேயின் தோட்டங்கள் 1,200 மீட்டர் வரை ஏறுகின்றன. இரண்டுக்கும் நடுவே சாலைத் தூரம் 70 கிலோமீட்டர் சொச்சம்தான். வெப்பத்திலோ 4 முதல் 5 பாகைக்கு மேல் வித்தியாசம். தடித்த துவர்ப்பான செவ்வொயினிலிருந்து மெல்லிய புளிப்பான வெள்ளொயின் வரை எல்லாம் இந்தத் தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

தண்ணீருக்கு இடைக்காலத்திலேயே ஒரு வழி கண்டார்கள். பனியாறு உருகிவரும் ஓடைகளைப் பக்கப் பள்ளத்தாக்குகளின் மேல்பகுதியில் மறித்து, மலையின் இடுப்பைச் சுற்றி மெல்லிய இறக்கத்தில் வாய்க்கால் வெட்டி, வறண்ட அத்ரே சரிவுகளுக்குக் கொண்டுவந்தார்கள். ‘ரூ’ என்பது அந்த வாய்க்காலின் பெயர். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட ரூ கூர்த்தோ, அயாஸ் பள்ளத்தாக்கின் நீரைச் சுமார் 25 கிலோமீட்டர் சுமந்துவந்து சான்-வின்சான் மேட்டுக்குச் சேர்க்கிறது. யாருக்கு எந்த நாளில் எத்தனை மணி நேரம் தண்ணீர் என்ற முறைவைப்பும் கூடவே பிறந்தது. இன்று பல இடங்களில் வாய்க்காலுக்குப் பதில் குழாயும் தெளிப்பானும் சொட்டுநீரும் வந்துவிட்டன. ஆனால் நீரின் ஊற்று அதேதான். மணல் மண் தண்ணீரைத் தாங்கி வைக்காது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை விட வேண்டும். ஜூலையில் தவறவிட்டால் அடியிலைகள் பழுத்து உதிரும். கொடி மூச்சைப் பிடித்துக்கொள்வதுபோல் நின்றுவிடும். பழத்தில் சர்க்கரை ஏறாது. அதைச் சரிக்கட்ட ஆகஸ்ட் கடைசியில் வாரி விட்டாலோ பழம் வெடிக்கும், சாறு நீர்த்துப்போகும்.

வறட்சியால் ஒரு நன்மையும் இருக்கிறது. இலையில் நீர் நின்றால்தான் பரவும் அடிச்சாம்பல் நோய்க்கு இங்கே பிழைப்பு கஷ்டம். மழை தேவைப்படாத சாம்பல் நோய் மட்டும் விடாது. கந்தகத் தூளை இன்றும் தூவியே ஆக வேண்டும்.

சமநிலம் இல்லாத இடத்தில் அதைச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. காரை இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிச் சுவர் எழுப்பி, பின்னால் மண் நிரப்பி, சரிவைப் படிக்கட்டாக்கினார்கள். இந்தக் கல்லடுக்குக் கலையை 2018-ல் யுனெஸ்கோ இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் பொது மரபாகப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் இருக்கட்டும், சுவர் எப்படி நிற்கிறது, எப்படி விழுகிறது என்பது தெரிந்தால்தான் இந்த ஒயினின் விலை ஏன் குறையாது என்பது விளங்கும்.

கெட்டித் தரை தட்டுப்படும்வரை அடித்தளம் தோண்டுவார்கள். கிடைத்ததில் பெரிய கற்கள் அடியில் போகும். சுவரின் அடி அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு கல்லும் நீளவாட்டில் மலைக்குள் போக வேண்டும். முகத்தை அகலமாகக் காட்டி வைத்தால் பார்க்க அழகு, சீக்கிரம் பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். ஒரு கல்லின் மேல் இரண்டு, இரண்டின் மேல் ஒன்று என்று இணைப்புக்கோடு நேராகாமல் அடுக்குவார்கள். சுவர் மலைப்பக்கம் சற்றுச் சாய்ந்தே ஏறும். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்குச் சிறு கற்களைக் கொட்டி நிரப்புவதுதான் உயிர்நிலை. மழைநீரும் பாசன நீரும் அந்த ஜல்லி வழியே இறங்கி, சுவரின் இடுக்குகளில் கசிந்து வெளியேறும்.

அந்த ஜல்லியில் மண் அடைத்துக்கொண்டால் நீர் பின்னால் தேங்கும், குளிர்காலத்தில் உறையும், உறைந்து விரியும். சுவரின் நடுவில் ‘வயிறு’ தள்ளத் தொடங்கும். வயிறு தெரிந்தபின் மேலே நாலு கல்லை வைத்துச் சரிசெய்ய முடியாது. தள்ளிய பகுதிக்கு இரு பக்கமும் கூடுதலாகவே அவிழ்த்து, அடிவரை இறக்கி, மறுபடி கட்ட வேண்டும். அவசரத்துக்குச் சிமென்ட் பூசுபவர்கள் உண்டு. நீர் போகும் வழி அடைபடுவதால், அடுத்த பெருமழையில் அந்தச் சுவர் மொத்தமாகச் சரிந்து கீழ்ப்படியையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு படியைக் கைவிட்டவர் தன் நிலத்தை மட்டும் இழப்பதில்லை, கீழே இருப்பவரின் நிலத்தையும் ஆபத்தில் விடுகிறார்.

இப்படிக் கட்டிய படிகளில் டிராக்டர் ஏறாது. கவாத்து, கட்டுதல், தழை கிள்ளுதல், அறுவடை எல்லாம் கையால்தான். மொத்தத் திராட்சைப் பரப்பு 450-லிருந்து 500 ஹெக்டேருக்குள் அடங்கிவிடுகிறது. இத்தாலியின் திராட்சை நிலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் துண்டு துண்டாக, பல குடும்பங்களுக்கு அரை ஹெக்டேர்கூட இல்லாமல் பிரிந்து கிடக்கிறது. இத்தகைய சாகுபடியை ‘வீர சாகுபடி’ என்று அழைக்கும் வழக்கத்தைப் பரப்பியது 1987-ல் இந்த மண்டலத்திலேயே தொடங்கப்பட்ட செர்விம் என்ற மையம். 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சரிவு, 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், படிக்கட்டு நிலம், சிறு தீவு என்பவை அதன் அளவுகோல்கள். ‘வீரம்’ என்ற சொல் கொஞ்சம் மிகைதான், ஆனால் மானியம் கேட்கும் மனுவில் அது வேலை செய்கிறது.

இனி கீழிருந்து மேலே போவோம். முதலில் தொன்னாஸ். கி.மு. 25-ல் இந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிகளான சலாஸி மக்களை ஒடுக்கிய ரோமர்கள் அவோஸ்தாவை நிறுவினார்கள். சமவெளியிலிருந்து அங்கே வந்து மலை தாண்டிப் போக அமைத்த நெடுஞ்சாலை தொன்னாஸில் பாறையையே செதுக்கிச் செல்கிறது. பாறையிலேயே விட்ட ஒரு வளைவும், அவோஸ்தாவுக்கு 36 ரோம மைல் என்று காட்டும் கல்லும் இன்றும் இருக்கின்றன. சாலைக்கு மேலே சரிவெல்லாம் பந்தல். இங்கே விளைவது நெபியோலோ. பியெமோந்தேயின் பரோலோவுக்கும் பார்பரெஸ்கோவுக்கும் உரிய அதே ரகம். ஊர்ப்பெயர் பிகோதெந்த்ரோ, மென்காம்பு என்று பொருள். தொன்னாஸ் ஒயினில் இது குறைந்தது 85 விழுக்காடு இருக்க வேண்டும். பக்கத்து ஆர்நாட்-மொன்ஜோவேயில் 70. பரோலோவை எதிர்பார்த்து இதைத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கும். நிறம் வெளிறியிருக்கும், உடல் மெலிந்திருக்கும்; ரோஜாவும் காய்ந்த இலையும் கலந்த மணம் மட்டும் அதே குடும்பம். நெபியோலோ தாமதமாகப் பழுக்கும் ரகம், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். மலையில் அந்தக் காத்திருப்பு எல்லா வருஷமும் பலிக்காது. பலிக்காத வருஷத்தில் துவர்ப்பு பச்சையாக, தேயிலைக் கசப்பாக நிற்கும். பீப்பாயில் எத்தனை காலம் வைத்தாலும் அது முழுதாகப் போகாது. இந்த மண்டலத்தில் 1971-ல் முதன்முதலில் டி.ஓ.சி. என்ற புவிசார் தகுதி பெற்றது தொன்னாஸ்தான். மறு ஆண்டு, மேலே அர்வியே ஊரின் ஆன்ஃபேர் தர்வியே. 1985-ல் மண்டலம் முழுவதும் ஒரே டி.ஓ.சி.யின் கீழ் வந்து, பழைய இரண்டும் அதன் உட்பிரிவுகளாயின.

ஷாம்பாவும் நுஸும்தான் வறட்சியின் உச்சம். ஆல்ப்ஸ் மலைத்தொடரிலேயே மிகக் குறைந்த மழை பெறும் இடங்களில் இந்தத் துண்டு ஒன்று. அத்ரே சரிவில் கள்ளிச்செடிகூட முளைக்கிறது. வறண்ட காற்று இங்கே ஒரு தனித் தொழிலுக்கு வழிவிட்டது: பழத்தை உலர்த்தி இனிப்பு ஒயின் செய்தல். ஷாம்பாவில் அதற்கு மஸ்கட், நுஸில் மால்வாஸி. மால்வாஸி என்ற பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம், அது பினோ கிரீஜோவின் ஊர்ப்பெயர். உலர்த்திச் செய்ததற்கு ‘ஃப்ளெத்ரி’ என்ற சொல் முகப்புச்சீட்டில் வரும். வாடிய பழம் என்பது அதன் பொருள்.

செய்முறை கேட்க எளிது, கெடுவதற்கு வழிகள் அதிகம். தளர்வான, ஈரமில்லாத கொத்துகளாகப் பார்த்து, மற்ற மஸ்கட்டுக்கு முந்தியோ சற்றுப் பிந்தியோ பறிப்பார்கள். காற்றோட்டமுள்ள அறையில் தட்டுகளில் ஒற்றை அடுக்காகப் பரப்புவார்கள் அல்லது கயிற்றில் தொங்கவிடுவார்கள். வாரக்கணக்கில் கிடந்து எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போன பிறகு பிழிவார்கள். தோராயக் கணக்கு இது: 100 கிலோ பழத்தில் 22 கிலோ சர்க்கரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எடை 65 கிலோவாக இறங்கும்போது அதே சர்க்கரை ஏறக்குறைய 34 விழுக்காடாகிவிடும். ஈஸ்ட் 14, 15 விழுக்காடு ஆல்கஹால் வரை உழைத்துவிட்டுச் சோர்ந்துபோகும். மீதிச் சர்க்கரை இனிப்பாக நிற்கும். கொத்துகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் தொட்ட இடத்தில் பூஞ்சை அழுகல் தொடங்கும். உடைந்த ஒரு பழம் போதும், ஈ மொய்த்துக் காடிப் புளிப்பு ஏறிவிடும். ஆகவே இரண்டு மூன்று நாளுக்கொரு முறை கொத்துக் கொத்தாகப் பார்த்துக் கெட்டதைக் கத்தரித்துப் போட வேண்டும். அறையைச் சூடேற்றி அவசரமாக உலர்த்தினாலும் தவறுதான்: அழுகல் வராது, ஆனால் மஸ்கட்டின் பூமணம் பறந்துவிடும், மிஞ்சுவது கிஸ்மிஸ் பாகு. இத்தனை பாடுபட்டு 65 கிலோவிலிருந்து கிடைக்கும் சாறு, சாதாரணமாக 100 கிலோ தருவதில் பாதிக்கும் கீழே. அரைக்குப்பிகளில் அடைத்து விற்பதற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல.

அதே மஸ்கட்டை உலர்த்தாமல், இனிப்பில்லாத வெள்ளொயினாகவும் செய்கிறார்கள். மணத்தில் தேன், நாக்கில் இனிப்பே இல்லை, முடிவில் லேசான கசப்பு. ஃப்ளெத்ரிக்குப் புகழ் அதிகம். எங்கள் கணிப்பில் சாப்பாட்டோடு வைக்கத் தகுந்தது இந்த உலர் மஸ்கட்தான்.

அவோஸ்தாவைத் தாண்டி மேற்கே வந்தால் பெத்தி ரூஜின் நாடு. சான்-பியேர், சார், வில்நேவ், ஐமாவில் ஊர்களைச் சுற்றிய தோரெத் உட்பிரிவில்தான் இந்த மண்டலத்தின் பெரும்பகுதிச் செவ்வொயின் வருகிறது. அதில் குறைந்தது 70 விழுக்காடு பெத்தி ரூஜ் இருக்கும்; மீதியை நிரப்ப மயோலே, கோர்னாலின், ஃபூமின், வியென் த நுஸ் போன்ற ஊர் ரகங்கள். பெத்தி ரூஜ் தனியாக நின்றால் பழமணமும் மென்மையும் உண்டு, முதுகெலும்பு குறைவு. ஃபூமின் நேரெதிர்: கறுத்த நிறம், கூரிய புளிப்பு, மிளகும் புகையும் கலந்த வாடை, மரப்பீப்பாயைத் தாங்கும் உடல். முன்பு கலவைக்கு மட்டும் பயன்பட்டதை இன்று தனி ஒயினாகவே அடைக்கிறார்கள். ப்ரெமெத்தா என்ற இன்னொரு ரகத்தின் தோல் வெளிறியது. அதிலிருந்து வருவது ரோஸ் நிறத்தைக் கொஞ்சமே தாண்டிய ஒயின்.

ரகப் பெயர்களில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2,469 மீட்டர் உயரத்தில் உள்ள பெரிய சான் பெர்னார் கணவாயைக் கடந்தால் சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலம். அங்கே ‘ரூஜ் தியூ பேயி’ என்று அழைக்கப்பட்ட ரகத்துக்கு 1972-ல் ‘கோர்னாலின்’ என்று புதுப்பெயர் சூட்டினார்கள். அவோஸ்தாவிலும் ஒரு கோர்னாலின் இருந்தது, வேறு செடி. பின்னால் மரபணுச் சோதனை நடந்தபோது உறவுமுறை வெளிவந்தது. சுவிஸ் கோர்னாலின், அவோஸ்தாவின் பெத்தி ரூஜுக்கும் மயோலேக்கும் பிறந்த குழந்தை. அவோஸ்தாவின் கோர்னாலினோ அந்தக் குழந்தையின் குழந்தை. கூடவே, சுவிஸ்காரர்கள் ‘உமாஞ் ரூஜ்’ என்று தங்கள் ரகமாகக் கொண்டாடியது அச்சு அசலாக இதே அவோஸ்தா கோர்னாலின்தான். பேரன் தாத்தா ஊரில் ஒரு பெயரிலும் அப்பா ஊரில் இன்னொரு பெயரிலும் இருந்திருக்கிறான். ஆகவே குப்பியில் ‘கோர்னாலின்’ என்று கண்டால் எந்த நாட்டுக் குப்பி என்று பார்த்துவிட்டுத்தான் சுவையைப் பேச வேண்டும்.

அர்வியேயில் மலை அரைவட்டமாகக் குழிந்து தெற்கு நோக்கி நிற்கிறது. வெயில் அந்தக் குழிக்குள் மாட்டிக்கொண்டு பாறைக்குப் பாறை எதிரொலிக்கும். கோடையில் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் ‘ஆன்ஃபேர்’, நரகம். சுமார் 5 ஹெக்டேர் மட்டுமே உள்ள இந்த நரகத்தில் பெத்தி ரூஜ் குறைந்தது 85 விழுக்காடு. கடல் மட்டத்துக்கு மேல் 700, 800 மீட்டர்களில், அடர்த்தியாகவும் கதகதப்பாகவும் ஒரு செவ்வொயின் கிடைப்பது அந்தக் குழியின் வடிவத்தால் மட்டும்தான். அடுத்த வளைவில் அதே உயரத்தில் அது நடக்காது.

அர்வியேக்கு மேலே செந்திராட்சைக்குச் சூடு போதாது. மோர்ஜேயிலும் லா சாலிலும் ஒரே ரகம்: ப்ரியே பிளாங். மொட்டு விடுவதற்கும் பழுப்பதற்கும் இடையே அது எடுத்துக்கொள்ளும் காலம் குறுகியது. பனி வருவதற்குள் வேலையை முடித்துவிடும். 1,200 மீட்டர் வரை போகும் இந்தத் தோட்டங்கள் ஐரோப்பாவின் மிக உயர்ந்த திராட்சைத் தோட்டங்களில் சேர்ந்தவை. ‘ஐரோப்பாவிலேயே உயரமானது’ என்று விளம்பரங்கள் சொல்லும். அந்தப் பட்டத்துக்குப் போட்டியாளர்கள் பலர்.

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய திராட்சையைச் சூறையாடிய பில்லாக்ஸெரா என்ற வேர்ப்பேன் இங்கே காலூன்றவில்லை. குளிரும் மணலும் அதற்கு ஒத்துவரவில்லை. மற்ற இடங்களில் எல்லாம் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் நடுகிறார்கள். ப்ரியே பிளாங்கின் பழைய கொடிகள் இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன. அதனால் இங்கே புதுக்கொடிக்கு நாற்றங்கால் தேவையில்லை, பதியன் போதும். குளிர்காலம் முடியும் தருவாயில் தாய்க்கொடியிலிருந்து நீண்ட, முற்றிய ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, ஒரு முழ ஆழத்தில் வெட்டிய குழிக்குள் மெல்ல வளைத்துப் படுக்கவைப்பார்கள். நுனியில் இரண்டு கணு மட்டும் வெளியே தெரிய, குச்சி நட்டுக் கட்டி, மண்ணை மிதித்து மூடுவார்கள். தாயின் பாலைக் குடித்துக்கொண்டே அது வேர்விடும். இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் தொப்புள்கொடியை வெட்டுவார்கள். சீக்கிரம் வெட்டினால் அந்தக் கோடையிலேயே வாடும். வெட்டாமல் விட்டால் தாய் மெலியும். தாயிடம் வைரஸ் நோய் இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்பதால், மகசூல் குறைந்த கொடியில் பதியன் போடுவதில்லை.

பந்தல் என்றால் தலைக்கு மேலே இருப்பது என்றுதான் நமக்குத் தோன்றும். மோர்ஜே பந்தல் இடுப்புக்குத்தான் வரும். ஒரு மீட்டர் உயரம், சில இடங்களில் அதற்கும் குறைவு. கவாத்துக்கும் அறுவடைக்கும் மண்டியிட்டு அல்லது குந்திக்கொண்டே நகர வேண்டும். இவ்வளவு தாழ்த்தியதற்குக் காரணங்கள் உண்டு. பகலில் கல்லும் மணலும் வாங்கிய சூடு இரவில் கொத்துக்கு நேராகப் போய்ச் சேரும். மேலிருந்து வீசும் காற்று பந்தலைப் பிய்க்காது. குளிர்காலப் பனியின் எடையைக் குட்டைக்கால்கள் தாங்கிக்கொள்ளும். ஆனால் இதே தாழ்வு வசந்தத்தில் எதிரியாகலாம். காற்றில்லாத, தெளிந்த வான இரவில் மிகக் குளிர்ந்த காற்று தரையை ஒட்டித்தான் படியும். அப்போது ஒரு மீட்டர் பந்தலின் இளந்தளிர் நேராக அதற்குள் நிற்கும். 2017 ஏப்ரலில் வந்த உறைபனி இந்தப் பள்ளத்தாக்கில் பெரும் சேதம் செய்தது. கருகியபின் இரண்டாவது மொட்டு வரும், ஆனால் அதில் காய் குறைவு, பழுப்பதும் தாமதம்.

இந்த ஒயின் இன்றும் இருக்கிறது என்றால் அதற்குப் பெரும் காரணம் மோர்ஜேயின் பங்குக் குரு அலெக்சாந்தர் பூஜா. வீட்டுக் குடிக்காக மட்டும் செய்யப்பட்டு வந்ததைச் சீராக வடித்து, குப்பியில் அடைத்து, வெளியே கொண்டுபோனவர் அவர். 1983-ல் கூட்டுறவுச் சங்கம் வந்தது. வெளிர்ப்பச்சை நிறம், பச்சை ஆப்பிளும் காய்ந்த புல்லும் கலந்த மணம், எலுமிச்சைபோல் வெட்டும் புளிப்பு: பிளாங் த மோர்ஜே ஏ த லா சால் அவ்வளவுதான், அவ்வளவும் அதில் சுத்தமாக இருக்கும். மரப்பீப்பாய் இதற்கு ஆகாது. அந்தப் புளிப்பு நுரையொயினுக்கு நல்ல அடித்தளம். குப்பிக்குள்ளேயே இரண்டாவது நொதித்தல் நடக்க லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரை சேர்த்தால் 6 வளிமண்டல அழுத்தம் கிடைக்கும். மோன் பிளாங் ரோப்காரின் 2,173 மீட்டர் நடு நிலையத்திலும் ஒரு சிறு நுரையொயின் அறை வைத்திருக்கிறார்கள். அதனால் சுவைக்கு எவ்வளவு லாபம், சுற்றுலாவுக்கு எவ்வளவு லாபம் என்பது குடிப்பவர் முடிவு. ‘ஷோத்லூன்’ என்ற பனியொயினும் உண்டு. பழத்தைக் குளிர்காலம்வரை கொடியிலேயே விட்டு, −7, −8 பாகையில் உறைந்த நிலையில் இரவில் பறித்து, உருகுவதற்குள் பிழிய வேண்டும். பறவையும் காற்றும் விட்டுவைத்தால்தான் அது நடக்கும்.

இந்தச் சின்னப் பரப்பும் ஒரு காலத்தில் பல மடங்கு பெரிதாக இருந்தது. கீழ்ப் பகுதிகளை வேர்ப்பேன் தின்றது. பிறகு போர்கள் வந்தன. பிறகு அவோஸ்தாவின் உருக்காலை மாதச் சம்பளம் கொடுத்தது. சரிவில் ஏறிக் கல் சுமக்க ஆளில்லை. மீட்சி வந்தது இரண்டு வழியில். சான் பெர்னார் மடத்துத் துறவிகள் 1951-ல் அவோஸ்தாவில் தொடங்கிய வேளாண் பள்ளி ஊர் ரகங்களைத் தேடிச் சேர்த்து, தனித்தனியாக வடித்துப் பார்த்தது. கணவாய்க்கு அப்பாலிருந்து பெத்தித் ஆர்வின் போன்ற வெள்ளை ரகங்களையும் பரப்பியது. இன்னொரு பக்கம், அரை ஹெக்டேர்க்காரர்களுக்குத் தனி நிலவறை கட்டுப்படியாகாது என்பதால் 1970-களிலிருந்து தொன்னாஸ், ஆர்நாட், அர்வியே, ஷாம்பாவ், ஐமாவில், மோர்ஜே என்று ஆறு கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. வேலைக்குப் போய்க்கொண்டே சனி, ஞாயிறில் படியைப் பார்த்துக்கொள்பவர் பழத்தைக் கொண்டுவந்து கொட்டுவார். மற்றதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

குப்பியை வாங்கும்போது முகப்புச்சீட்டு இத்தாலியில் இருக்கலாம், பிரெஞ்சிலும் இருக்கலாம். இரண்டும் அங்கே ஆட்சிமொழி. ‘வாலே தாவோஸ்தா’வும் ‘வாலே தோஸ்த்’தும் ஒன்றே. அதன்கீழ் ஏழு உட்பிரிவுகளில் ஒன்றின் பெயரோ, ரகத்தின் பெயரோ வரும். மோர்ஜே வெள்ளொயினை 8-லிருந்து 10 பாகையில், வாங்கிய இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவது நல்லது. வைத்திருந்தால் புளிப்பு மட்டும் மிஞ்சும். தோரெத் 15, 16 பாகை போதும். சூடான அறையில் விட்டால் பழமணம் தளர்ந்து ஆல்கஹால் முன்னால் வரும். தொன்னாஸ் 16, 17 பாகை. நல்ல வருஷமானால் பத்தாண்டு தாங்கும். ஃபோந்தினா என்ற ஊர்ச் சீஸைப் பால், முட்டை மஞ்சள்கருவோடு உருக்கிய ஃபோந்துத்தாவுக்கு மோர்ஜேயின் புளிப்பு பொருந்தும், கொழுப்பை வெட்டும். அதே சீஸ் முற்றிக் காரம் ஏறியிருந்தால் தோரெத். ஃப்ளெத்ரியைச் சிறு கிண்ணத்தில், 10, 12 பாகையில், உலர்ந்த கொட்டைகளோடு வைக்க வேண்டும். அதைவிட இனிப்பான பண்டத்தோடு வைத்தால் ஒயின்தான் புளித்ததுபோல் தெரியும்.